மிஸி போய்விட்டால்...



திருநெல்வேலிச் சந்தையில் காலை எட்டு மணிக்கு மரக்கறி வாங்க வருபவர்களில் இரண்டு வகையினர் உண்டு. நித்திரை விட்டெழுந்து வருபவர்கள் ஒரு வகை. நித்திரையே இல்லாமல் வருபவர்கள் மற்ற வகை. என் அயலில் வசிக்கும் தாதிச் சகோதரி இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் கடமை காலை ஏழு மணிக்கு முடியும். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, அம்மாவுக்குப் பிடித்த கீரையையும் நாலு வாழைக்காயையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

சில வாரங்களுக்கு முன்னர் அவர் என்னைக் கண்டதும், "அக்கா, பத்து நிமிசம் வீட்டை வந்திட்டுப் போவீங்களோ? ஒரு விசயம் கேக்க வேணும்" என்றார். போனேன். மேசையில் மூன்று தாள்களை வைத்தார். ஒன்று, தாதியருக்கான ஆங்கிலத் தேர்வில் சித்தியடைந்த பெறுபேறு. மற்றையது, இங்கிலாந்தில் உள்ள ஒரு வைத்தியசாலையிலிருந்து வந்த நியமனக் கடிதம். மூன்றாவது, கொப்பித் தாளில் அம்மா தன் கையால் எழுதிய கடன் கணக்கு.

"போ எண்டு சிலபேர் சொல்லுகினம், போகாதை எண்டு சிலபேர் சொல்லுகினம். எனக்கு என்ன விருப்பம் எண்டு மட்டும் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

அவருடைய அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன். பெயரும் வேலை செய்யும் வைத்தியசாலையின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வடக்கில் உள்ள ஓர் அரச வைத்தியசாலையில், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏழு வருடங்களாகக் கடமையாற்றுகிறார் என்பது போதும்.

எனக்கு அவர் பழக்கமானது அயலவர் என்பதனால் அல்ல. நான் சமூகப் பணியில் சந்தித்த ஒரு தாயினால்தான். அந்தத் தாய் வன்னியைச் சேர்ந்தவர். 2009 இல், இறுதி யுத்தத்தின்போது, பிறந்து பன்னிரண்டு நாட்களே ஆன தனது முதற் குழந்தையைப் பதுங்குகுழிக்குள் இழந்தவர். பின்னர் கணவர் தடுப்பிலிருந்து வந்து, வீடு கட்டி, பல ஆண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்து, 2023 இல் மறுபடியும் கருவுற்றார். 29 ஆவது வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. நிறை 1,080 கிராம். அம்புலன்ஸில் கொண்டு வந்தார்கள். தாய் தங்குவதற்கு இடமில்லை, மாற்று உடுப்பில்லை என்று எங்களுக்குச் செய்தி வந்ததால் நான் போனேன்.

அங்கே நான் கண்டது, அந்தத் தாய் தன் குழந்தையைத் தொட மறுத்துக்கொண்டிருந்ததை. கண்ணாடிப் பெட்டிக்குள், அதாவது இன்கியூபேற்றருக்குள், குழந்தை கிடந்தது. காலில் கட்டிய பட்டியில் குழந்தைக்குப் பெயர் இல்லை, தாயின் பெயரும் 'பேபி' என்ற சொல்லும் மட்டும். மூக்கில் குழாய், நெஞ்சில் வயர்கள். தாய் சுவரோடு சாய்ந்து நின்று, "நான் தொட்டா இதுவும் போயிடும் மிஸி" என்றார். ஒரு பிள்ளையைக் கையில் வைத்திருக்கும்போதே இழந்த கை அது.

இந்தத் தாதிச் சகோதரி தர்க்கம் செய்யவில்லை. முதல் நாள், கையைக் கழுவிவிட்டு விரலை மட்டும் உள்ளே விடச் சொன்னார். குழந்தை அந்த விரலைப் பிடித்துக்கொண்டது. சில நாட்கள் சென்று குழந்தையின் நிலை சற்றுச் சீரானதும், கதிரையில் சாய்ந்து இருக்கச் செய்து, சட்டையைத் திறந்து, குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சோடு வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினார். "அம்மா, உங்கடை உடம்புச் சூடுதான் இவவுக்கு இப்ப பெரிய மருந்து. அந்த மெசினைப் பாருங்கோ, மூச்சு சீரா வருது" என்று காட்டினார். அன்று அந்தத் தாய் இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருந்தார். கண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஏழு வாரம் கழித்துப் பிள்ளையோடு வீட்டுக்குப் போனார்.

இப்படி நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பதைக் கங்காரு முறை என்று சொல்வார்கள். இது பணக்கார நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், நெரிசல் மிக்க ஒரு மகப்பேற்று வைத்தியசாலையில், இன்கியூபேற்றர்கள் போதாமையால் டொக்டர் எட்கார் ரே சனாப்ரியா என்பவர் தொடங்கிய வழி. இல்லாமையில் பிறந்த இந்த முறையை உலகச் சுகாதார நிறுவனம் 2022 இல், குறைமாதத்திலோ நிறை குறைந்தோ பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடனேயே தொடங்கலாம் என்றும், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணித்தியாலம் வரை செய்யலாம் என்றும் பரிந்துரைத்தது. ஆனால் ஒரு தாயைக் கதிரையில் இருத்தி, வயர் கழராமல், குழாய் இழுபடாமல் குழந்தையை அவர் நெஞ்சில் வைப்பதற்கு ஒரு தாதி வேண்டும். அந்தத் தாதிக்கு நேரமும் வேண்டும்.

அந்தப் பிரிவில் என்ன வேலை நடக்கிறது என்பது வெளியில் இருக்கும் எங்களுக்குத் தெரிவதில்லை. 37 வாரத்துக்கு முன் பிறப்பதெல்லாம் குறைமாதம். உலகில் ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தை அப்படித்தான் பிறக்கிறது. 2020 இல் மட்டும் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள். நேரத்தோடு வந்த குழந்தைக்கு நுரையீரல் விரியாது, உடம்பில் சூடு தங்காது. உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒன்றாகச் செய்யும் வல்லமை 34 வாரமளவில்தான் வரும். அதுவரை தாய்ப்பாலைக் குழாய் வழியாக, சில வேளை ஒரு மில்லிலீற்றர் கணக்கில் கொடுக்க வேண்டும். குழந்தை மூச்சு விட மறந்துபோகும். அப்போது பாதத்தைத் தடவி நினைவூட்ட வேண்டும். ஒட்சிசன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து, கூடினால் கண்ணின் விழித்திரை பாதிக்கும். இரண்டுக்கும் இடையில் இரவு முழுக்க ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டும். மொனிற்றரின் எந்தச் சத்தத்துக்கு ஓட வேண்டும், எந்தச் சத்தம் வயர் கழன்றதால் வருவது என்பதையெல்லாம் காது பழக ஆண்டுகள் பிடிக்கும். "புத்தகத்திலை படிச்சு வாறதில்லை அக்கா. குழந்தையின்ரை நிறம் கொஞ்சம் மாறினாலே கை போயிடும்" என்பார் அவர்.

பிரித்தானியாவில் இத்தகைய பிரிவுகளுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். தீவிர சிகிச்சையில் இருக்கும் ஒரு குழந்தைக்கு ஒரு தாதி. சற்றுத் தேறிய நிலையில் இரண்டு குழந்தைக்கு ஒருவர். சாதாரண கவனிப்பில் நான்குக்கு ஒருவர். அங்கும் ஆட்பற்றாக்குறை உண்டு, எல்லா நாளும் இந்த அளவு பேணப்படுவதில்லை. ஆயினும் அளவு என்று ஒன்று எழுத்தில் இருக்கிறது. நமது சகோதரி சில இரவுகளில் தனியே எத்தனை குழந்தைகளைப் பார்க்கிறார் என்பதை எழுத வேண்டாம் என்றார். "எழுதினா அம்மாமார் பயந்து போவினம்" என்பது அவர் சொன்ன காரணம்.

இனி அந்த மூன்றாவது தாளுக்கு வருவோம்.

அவருடைய தகப்பனார் 1996 இல் காணாமற் போனவர். அந்த ஆண்டு யாழ்ப்பாணத்தில் எத்தனையோ நூறு குடும்பங்களுக்கு நேர்ந்ததுதான். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து, மறு ஆண்டு திரும்பி வந்து, வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு நாள் வெளியே போனவர் வரவில்லை. அப்போது இந்தப் பெண் கைக்குழந்தை. அண்ணன் நான்கு வயது. தாயார் தையல் மெசினை மிதித்தே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தார். மகனை முகவர் ஒருவர் மூலம் பிரான்சுக்கு அனுப்புவதற்காகக் காணி உறுதியை ஈடு வைத்தார்கள். மகன் போய்ச் சேர்ந்தார், கலியாணம் செய்தார், பிள்ளைகள் பிறந்தன. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் காசு அனுப்புவார். ஈட்டின் மீதியை இந்தத் தாதியின் சம்பளம்தான் கட்டிக்கொண்டிருக்கிறது. 2022 இல் பொருளாதாரம் விழுந்து, ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனபோது அந்தச் சம்பளம் அரைவாசியாகச் சுருங்கியது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டினார்கள். மேலதிக நேரக் கொடுப்பனவைக் கணிக்கும் முறையை மாற்றியதால் தாதியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அண்ணன் போகும்போது யாராவது, 'நீ போனால் அம்மாவை ஆர் பாக்கிறது?' என்று கேட்டார்களா என விசாரித்தேன். அவர் சிரித்தார். "அவன் ஆம்பிளைப் பிள்ளை, போனாத்தானே குடும்பம் நிமிரும் எண்டவை. நான் போறன் எண்ட உடனை எல்லாருக்கும் அம்மா ஞாபகம் வந்திட்டுது."

சகோதரிகளே, இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. யுத்த காலத்தில் ஆண் பிள்ளைகளை உயிர் தப்ப வைப்பதற்காக வெளியே அனுப்பினோம். அதற்கு நியாயம் இருந்தது. ஆனால் யுத்தம் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும், மகன் போனால் அது முன்னேற்றம், மகள் போனால் அது கைவிடல் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. உறவினர் ஒருவர், "அரசாங்கக் காசிலை இலவசமாப் படிச்சுப்போட்டு வெளிநாட்டுக்காரனுக்கு வேலை செய்யப் போறாய்" என்று இந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அவருடைய இரண்டு மகன்மாரும் பொறியியலாளர்கள். ஒருவர் அவுஸ்திரேலியா, மற்றவர் கனடா.

தாதி என்றால் இருக்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குள் ஆழமாக ஊறியிருக்கிறது. அதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஷெல் விழுந்தபோதும் மின்சாரம் இல்லாதபோதும் மருந்து வராதபோதும் தாதியர் இருந்தார்கள். 1987 ஒக்டோபர் 21 ஆந் திகதி, தீபாவளி நாளன்று, யாழ்ப்பாணம் வைத்தியசாலைக்குள் இந்திய அமைதி காக்கும் படையினர் புகுந்து சுட்டதில் வைத்தியர்கள், தாதியர், ஊழியர்கள் என 21 பேரும், அவர்களோடு நோயாளர்களும் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் அவர்களின் படங்களுக்கு மாலை அணிவிக்கிறோம். செய்ய வேண்டியதுதான். ஆனால் மாலை போடும் எங்களில் எத்தனை பேர், உயிரோடு கடமையில் இருக்கும் தாதி ஒருவருக்கு இரவு இரண்டு மணிக்கு ஒரு கோப்பை தேநீர் குடிக்க நேரம் கிடைக்கிறதா என்று கேட்டிருக்கிறோம்?

இவ்வளவும் எழுதினாலும், அவர் போவது ஒருவருக்கும் நட்டமில்லாத காரியம் என்று என்னால் எழுத முடியவில்லை. அந்த வன்னித் தாய் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்த நாளில் நானும் அங்கு இருந்தேன். பிள்ளை நன்றாக நடக்கிறாள், ஓடுகிறாள், மிஸியின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள். பேச்சுவாக்கில் லண்டன் கதை வந்துவிட்டது. தாய் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இனி எங்களைப் போல வாறதுகளுக்கு ஆர் மிஸி?" என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல, தெரிந்துகொள்ளக் கேட்டார். தாதி பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. புதிய தாதி ஒருவர் நியமிக்கப்படுவார் என்று சொல்லியிருக்கலாம். ஏழு வருடம் பழகிய காதையும் கண்ணையும் எந்த நியமனக் கடிதமும் கொண்டு வராது என்பது எங்கள் மூவருக்குமே தெரியும்.

நான் சமூகவியல் படித்த காலத்தில் 'பராமரிப்புச் சங்கிலி' என்று ஒரு பாடம் இருந்தது. ஆர்லி ஹொக்சைல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000 ஆம் ஆண்டளவில் எழுதியது. வசதியான நாட்டில் குழந்தையையும் முதியவரையும் பார்க்க வறிய நாட்டுப் பெண் போகிறாள். அவளுடைய வீட்டைப் பார்க்க அவளிலும் வறிய ஒருத்தி வருகிறாள். அந்த ஒருத்தியின் பிள்ளைகளை அவளுடைய மூத்த மகள், படிப்பை விட்டுவிட்டுப் பார்க்கிறாள். பரீட்சைக்குப் படித்து மறந்துவிட்ட இந்தப் பாடம், தாதியின் மாமா வாயைத் திறந்தபோது திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. "அம்மாவைப் பற்றி யோசியாதை. கிளிநொச்சிப் பக்கத்திலை ஆரும் ஒரு பொம்பிளையைப் பிடிச்சு வீட்டோடை வைக்கலாம். மாசம் ஏதும் குடுத்தாச் சரி" என்றார் அவர். இந்தப் பத்தியை வாசிக்கும் உங்களில் யாரோ ஒருவர்தான் அந்தப் 'பொம்பிளை'. உங்கள் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று மாமா யோசிக்கவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2010 மே மாதத்தில், சுகாதாரப் பணியாளரைப் பிற நாடுகளிலிருந்து எடுப்பது பற்றி ஒரு நடத்தைக் கோவையை ஏற்றுக்கொண்டது. பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து வலிந்து ஆள் எடுக்கக் கூடாது, போகும் பணியாளரின் உரிமையும் பேணப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அது சட்டமல்ல, விரும்பியவர் பின்பற்றுவது. இலங்கையிலிருந்து 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். அந்த ஆண்டில் அரசே போகச் சொல்லி வழியும் திறந்தது.

எனவே நான் அந்தச் சகோதரிக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. போவதானால் எப்படிப் போவது என்பதை மட்டும் இருவருமாக இருந்து பார்த்தோம். உங்கள் வீட்டிலும் தாதிப் பயிற்சி பெற்ற மகளோ மருமகளோ இருக்கலாம் என்பதால் அதைச் சற்று விபரமாக எழுதுகிறேன்.

முதலில் காசு. இங்கிலாந்துக்குத் தாதியாகப் போவதற்கு முகவருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. வேலை தேடிக் கொடுப்பதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். ஆள் எடுக்கும் வைத்தியசாலைதான் முகவருக்குக் கொடுக்க வேண்டும். யாராவது 'பதினைந்து இலட்சம் தா, லண்டனில் தாதி வேலை' என்றால் அந்த வாசலோடு திரும்பிவிடுங்கள். கேரளத்தில் 2015 இல் வெளிவந்த ஒரு மோசடியில், குவைத்துக்குத் தாதியரை அனுப்பச் சட்டப்படி வாங்கக்கூடிய 19,500 ரூபாவுக்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் 19½ இலட்சம் ரூபா வாங்கியிருந்தார்கள். இந்திய அரசு அதே ஆண்டில், வளைகுடா முதலான நாடுகளுக்குத் தாதியரை அரச நிறுவனங்கள் மூலம் அனுப்பும் ஒழுங்கைக் கொண்டுவந்தது. கடன் எப்படி ஒரு பெண்ணைக் கட்டிப்போடும் என்பதற்கு அதற்கு முதல் வருடமே சாட்சி. 2014 இல் ஈராக்கின் திக்ரித் நகரில் 46 இந்தியத் தாதியர் சண்டைக்குள் அகப்பட்டார்கள். பெரும்பாலானோர் கேரளப் பெண்கள். சண்டை நெருங்கிய வேளையிலும் அவர்களில் சிலர் ஊர் திரும்பத் தயங்கியதற்குக் காரணம், வாங்கிப் போன கடனும் வராத சம்பளமும். ஜூலை மாதத்தில் உயிருடன் திரும்பினார்கள், கடன் ஊரில் காத்துக்கொண்டிருந்தது.

இலங்கையில் முகவர் நிலையத்துக்கு உரிமம் இருக்கிறதா என்பதை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

அடுத்தது, எந்த வேலைக்குப் போகிறோம் என்பது. 'கெயார் வேர்க்கர்' என்பதும் தாதி என்பதும் ஒன்றல்ல. முதியோரைப் பராமரிக்கும் கெயார் வேலைக்குப் போனவர்கள் குடும்பத்தைக் கூட்டிச் செல்வதைப் பிரித்தானியா 2024 மார்ச்சில் நிறுத்தியது. 2025 ஜூலை 22 இலிருந்து வெளிநாட்டிலிருந்து புதிதாக அந்த வேலைக்கு ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது. இன்றும் அந்த விசாவை விற்கிறேன் என்று யாரேனும் வந்தால் அது சுத்தப் பொய். தாதியாகப் போவதற்கு அந்நாட்டுத் தாதியர் பேரவையில் பதிய வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்றால் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5 வேண்டும். ஓ.ஈ.ரி. என்ற மருத்துவத் துறைத் தேர்வும் எழுதலாம். நமது சகோதரி எழுதியது அதுதான். பிறகு கணினியில் ஒரு தேர்வு, அதை இங்கிருந்தே எழுதலாம். கடைசியாகச் செயன்முறைத் தேர்வு, அதை அங்கு போய்த்தான் செய்ய வேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று தடவைதான் தோற்றலாம். அதில் தேறும்வரை பொதுவாகக் குறைந்த படிச் சம்பளமே கிடைக்கும்.

நியமனக் கடிதத்தை இருவரும் அகராதியோடு வரி வரியாக வாசித்தோம். எந்த விடுதி என்று அதில் எழுதப்படவில்லை! ஏழு வருடம் குறைமாதக் குழந்தைகளோடு இருந்த கை, அங்கே போய் முதியோர் விடுதியில் நிற்க நேரலாம். முதியோரைப் பார்ப்பது குறைந்த வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கற்றது கையைவிட்டுப் போய்விடும். 'பச்சிளங்குழந்தைகள் பிரிவு' என்று எழுத்தில் தரும்படி கேட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன். இன்னொரு வரியில், இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. எவ்வளவு, எத்தனை வருடம், நோய் வந்தால் என்ன என்பதையும் கேட்கச் சொன்னேன். கேட்டால் வேலை தர மாட்டார்களோ என்று பயந்தார். எங்கள் பெண்களுக்கு இந்தப் பயம் ஒன்றைத்தான் எல்லோரும் சீதனமாகக் கொடுத்து விடுகிறார்கள்.

மிக முக்கியமானது, இங்குள்ள வேலையை உதறிவிட்டுப் போகாமல் இருப்பது. 2022 ஜூனில் வெளியான பொது நிருவாகச் சுற்றுநிருபம் ஒன்று, அரச உத்தியோகத்தர் சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லாமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போக வழி செய்தது. தாதியரைப் பொறுத்தவரை விடுவிப்பு இலகுவாகக் கிடைப்பதில்லை. நிறுவனத் தலைவரும் அமைச்சும் சம்மதிக்க வேண்டும். மனம் சலித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டுச் சேவையை விட்டு விலகியவர்களாகக் கணிக்கப்பட்ட சிலரை எனக்குத் தெரியும். திரும்பி வர விரும்பியபோது அவர்களுக்குக் கதவு இல்லை. மாதங்கள் சென்றாலும் பரவாயில்லை, எழுத்தில் விண்ணப்பித்து, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டே போக வேண்டும்.

இவையெல்லாம் முடிந்த பின்னர், இதுவரை பேசாமல் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருந்த தாயாரிடம், "அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டேன்.

"அவ போகட்டும் பிள்ளை. உழைக்கிற வயசு" என்றார். பிறகு தையல் துணியை மடித்துக்கொண்டே, "ஆனா என்னைக் கூப்பிட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டன். அவர் வந்து படலையிலை நிண்டு கூப்பிட்டா, ஆரும் இருக்க வேணுமெல்லோ" என்றார்.

29 வருடம். மகள் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். தாயைக் கூப்பிடுவதற்கு விசாச் சட்டம் இலகுவில் இடம் கொடுக்காது என்பதை அந்த நேரத்தில் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் சில விடயங்கள் நடந்தன. பிரான்சில் இருக்கும் அண்ணனுக்குத் தங்கையே தொலைபேசி எடுத்து, ஈட்டுக் காசின் மீதி அரைவாசி அவருடையது என்று முதன்முறையாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் கோபித்தார், ஒரு கிழமை பேசவில்லை, பிறகு முதல் தவணையை அனுப்பினார். மாமாவின் யோசனையை அம்மாவே மறுத்துவிட்டார். "எனக்கு ஆரும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை இரவிலை வந்து படுத்தாப் போதும். அதுக்கும் ஒழுங்கா மாசாமாசம் காசு குடுக்க வேணும்" என்பது அவருடைய கட்டளை. வைத்தியசாலையில் இரண்டு புதிய தாதியரைத் தன்னோடு இரவுக் கடமைக்குப் போடும்படி பொறுப்புச் சகோதரியிடம் கேட்டு, குழாய் போடுவதையும் கங்காரு முறையில் கட்டுவதையும் அவர்களுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறார். போவதற்காகப் பழக்குகிறாரா, இருந்தாலும் பழக்கியிருப்பாரா என்று நான் கேட்கவில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை சந்தியில் கண்டேன். இரவுக் கடமைக்குப் போய்க்கொண்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து பதில் வந்துவிட்டதாம், குழந்தைகள் பிரிவு என்று எழுத்தில் தந்திருக்கிறார்களாம். விடுமுறை விண்ணப்பத்தை நிரப்பிக் கையொப்பமும் வைத்துவிட்டதாகக் கைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"குடுத்தாச்சோ?" என்றேன்.

"இல்லை அக்கா. நேற்று ஒரு பிள்ளை வந்திருக்குது, 900 கிராம். தாய் இன்னும் தொடேல்லை. அதைக் கொஞ்சம் பாத்திட்டு..." என்றவர், நேரமாகிவிட்டது என்று ஸ்கூட்டியை ஸ்ராட் பண்ணினார்.